உடன் தங்கியிருக்கும் ஊழியம்

(மருத்துவமனைக்கு உதவிவரும் நண்பர்களின் ஆண்டுக் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



நமது மருத்துவமனையின் மனநல மறுவாழ்வு இல்லத்தை உங்களில் அநேகர் வெளியிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். அது வேப்பமரத்தடியில் நிற்கும் ஓர் ஓட்டு வீடு. பத்துப் பேர் தங்குகிறார்கள், ஒரே சமையற்கட்டு. ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றுத் தேறிவருகிறவர்கள், வீடு திரும்புமுன் சில மாதங்கள் அங்கே வாழ்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு சகோதரியார் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, இங்கே வைத்தியம் எங்கே நடக்கிறது?" என்று எங்களிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

அந்த வீட்டில் இரண்டு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் அங்கேயே தங்குகிறார்கள். இருவரும் சமூகப்பணியில் பட்டம் பெற்றவர்கள். ஆனால் இல்லத்தில் இருப்போர் ஒருவரை அண்ணன் என்றும் மற்றவரை அக்கா என்றும்தான் அழைக்கிறார்கள். அவர்களுடைய வேலை விடியற்காலையில் தொடங்குகிறது. மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில, காலையில் கண் திறக்க முடியாத தூக்கத்தைத் தரும். அதைச் சோம்பல் என்று ஏசாமல் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எழுப்ப வேண்டும். பல் துலக்குவது, குளிப்பது, சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடுவது, காய் நறுக்குவது, கடைக்குப் போய் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவது, பஸ்ஸில் டிக்கெட் எடுப்பது ஆகிய எல்லாவற்றையும் ஒவ்வொருவரும் மறுபடியும் பழகிக்கொள்ளுகிறார்கள்.

இரவில் ஆலோசகர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார். இன்னார் எத்தனை மணி நேரம் தூங்கினார், இலையில் எவ்வளவு மீதம் வைத்தார், யாரைச் சந்தேகத்தோடு பார்த்தார் என்பவை அதில் இருக்கும். தூக்கம் குறைவது, பலருக்கு நோய் திரும்பி வருவதன் முதல் அடையாளம். டாக்டர் மாதம் ஒருமுறை கேட்டறிவதை இவர்கள் அன்றாடம் கண்ணால் காண்கிறார்கள்.

இதில் கடினமானது எது தெரியுமா? எல்லாவற்றையும் நாமே செய்துவிடாமல் இருப்பதுதான். லண்டனில் பிரவுன், பர்லி, விங் என்ற மூவர் 1972-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனச்சிதைவு நோயிலிருந்து தேறி வீடு திரும்பியவர்களை அவர்கள் கவனித்தார்கள். ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுக்கு மீறிய பரிவு ஆகியவை இருந்த வீடுகளுக்குப் போனவர்களுக்கே நோய் அதிகமாய்த் திரும்பியது. ஏசுவது கெடுதி என்று நமக்குத் தெரியும். ஊட்டிவிடுவதும் கெடுதியாகலாம் என்பதை இந்த இல்லத்தில்தான் கற்றுக்கொண்டோம். ஒருவர் தம் சட்டையைத் துவைக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாலும், ஆலோசகர் அந்த வாளியைப் பிடுங்குவதில்லை.

இப்பொழுது எங்கள் குற்றம் ஒன்றை அறிக்கையிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் தச்சுவேலை தெரிந்த ஒரு தம்பி அந்த இல்லத்தில் இருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்திய நாட்களில் எங்களைக் கண்டபோதெல்லாம், "அண்ணன் வருவாரா ஐயா?" என்று கேட்பார். "கட்டாயம் வருவார் தம்பி, ஜெபிப்போம்" என்று சொல்லிக்கொண்டே வந்தோம். ஆலோசகர் எங்களைத் தனியே அழைத்து, "ஐயா, அவர் அண்ணன் இன்னும் ஒரு பதிலும் சொல்லவில்லை. தயவுசெய்து உறுதி கொடுக்காதீர்கள்" என்றார். விசுவாசக் குறைவினால் பேசுகிறார் என்று எண்ணிவிட்டோம்.

டிசம்பர் 24-ஆம் தேதி மாலையில் அந்தத் தம்பி குளித்து, புதுச்சட்டை போட்டு, பையோடு வாசற்படியில் உட்கார்ந்தார். கடைசி பஸ்ஸும் போயிற்று; அண்ணன் வரவில்லை. நாங்கள் இரவு ஆராதனையில் நற்செய்தி கூறிக்கொண்டிருந்தோம். அன்று விடுமுறையில் ஊருக்குப் போக வேண்டிய ஆலோசகரோ போகவில்லை. "கவலைப்படாதே" என்று சொல்லவுமில்லை. இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, படியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு அந்தத் தம்பியின் அறை வாசலில் தம் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்.

அப்படியும் நோய் திரும்பிற்று. இரண்டு இரவு தூக்கமில்லை. மூன்றாம் நாள் மாத்திரையை வீசியெறிந்தார். ஒரு வாரத்திற்குள் வார்டில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆறு வாரம் கழித்து இல்லத்துக்குத் திரும்பியபோது எங்களிடம் அவர் முதலில் கேட்டது, "ஏன் ஐயா பொய் சொன்னீங்க?" என்பதுதான். மன்னிப்புக் கேட்டோம். அந்த மன்னிப்பைக் கேட்கும்படி எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனவரும் அந்த ஆலோசகரே.

சூரைச்செடியின் கீழ் சாவை விரும்பிப் படுத்திருந்த எலியாவிடம் வந்த தூதன் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. தின்ன அடையும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டு, இரண்டாம் முறையும் வந்து எழுப்பினான். அந்தப் பகுதியை இறையியல் கல்லூரி நாள் முதல் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறோம். வாசலில் கிடந்த அந்தப் பாயைக் குறித்துக் கேள்விப்பட்ட பின்புதான் அது எங்களுக்கு விளங்கிற்று.

பிற்பாடு அந்தத் தம்பியும் ஆலோசகரும் பஸ் ஏறி அவருடைய ஊருக்குப் போனார்கள். அண்ணன் கெட்டவரல்ல, பயந்தவர். நோய் முற்றியிருந்த காலத்தில் வீட்டுச் சாமான்களெல்லாம் உடைந்ததையும், தங்கையின் சம்பந்தம் தட்டிப்போனதையும் சொல்லி அழுதாராம். மாதத்தில் ஒரு நாள் தம்பி வந்து சாப்பிட்டுப் போகலாம் என்று முடிவாயிற்று. அதற்கு மேல் இன்றுவரை ஆகவில்லை. அந்தத் தம்பி இப்பொழுது ஒரு தச்சுப் பட்டறையில் வேலை செய்து, இல்லத்தில் இருந்து வெளிவந்த வேறு இருவரோடு வாடகை வீட்டில் வாழ்கிறார். வாரம் ஒருமுறை ஆலோசகர் போய்ப் பார்த்து வருகிறார்.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பற்றி 28 பேர் மாண்டார்கள். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தபடியால் அவர்களால் ஓடித் தப்ப முடியவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றிலும் தடை செய்கிறது. குடும்பத்தார் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக மாத்திரம் ஒருவரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கலாகாது என்றும் சொல்லுகிறது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. திறந்த கதவுக்கு வெளியே கூட நடந்துவர ஓர் ஆள் வேண்டுமே!

அந்த ஆள்தான் களைத்துப்போகிறார். சென்ற ஆண்டு நல்லதோர் ஆலோசகர் கண்ணீரோடு எங்களிடம் விடைபெற்றார். தம் பிள்ளையின் பிறந்தநாளுக்குக்கூட இரண்டு வருடமாய் வீட்டில் இருக்க முடியவில்லை என்றார். அவரைத் தடுக்க எங்களுக்கு வாய் எழவில்லை. இருவர் செய்யும் இந்தப் பணிக்கு மூன்றாவதாக ஒருவர் வேண்டும். அப்பொழுதுதான் மூவரும் முறையாய் ஓய்வெடுத்து, முறையாய்த் திரும்பி வர முடியும். கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்லில் பெயர் பொறிக்கலாம். ஓர் ஆலோசகரின் மாதச் சம்பளத்துக்குக் கல் பதிக்க இடமில்லை. ஆயினும் அதையே உங்களிடம் கேட்கிறோம்.

இன்னொன்றும் கேட்கிறோம். நீங்களும் வந்து அவர்களோடு பந்தியில் அமருங்கள். வருகிறோம் என்று சொன்னால் தவறாமல் வாருங்கள். வர இயலாதென்றால் சொல்லாதிருங்கள். அந்த வீட்டில் வாக்குக் கொடுப்பதும் மருந்து கொடுப்பதைப் போன்றதே. இந்தக் கிறிஸ்துமஸில் அந்த வாசற்படியில் யாரும் வீணாய்க் காத்திராதபடி எங்களுக்குத் துணை நில்லுங்கள்.

கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.