கை மறக்காத கணக்கு

(சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. என் பெரியக்காவுக்காகத் தேடிப் படித்ததைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அக்கா எங்களோடுதான் இருக்கிறார். மறதி நோய். என்னைப் பார்த்தே, "நீங்க யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார். பயத்தில் நாங்கள் அவரை எந்த வேலையும் செய்ய விடவில்லை. "நீ சும்மா உட்காரு அக்கா" என்று டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டோம். ஒரு வெள்ளிக்கிழமை உதிரி மல்லிகையை மேஜையில் வைத்துவிட்டு என் மனைவி உள்ளே போனாள். திரும்பி வந்தால், "நார் எங்கேம்மா?" என்று அக்கா கேட்கிறார். வாழைநாரை நனைத்துக் கொடுத்தோம். பூவைப் பார்க்காமலே இரண்டு முழம் கட்டி முடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தம்பியை மறந்தவருக்குப் பூக்கட்டு எப்படி மறக்கவில்லை?

உங்களில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர்கள் இருப்பீர்கள். 'பி' எழுத்தை எந்த விரலால் அடிப்போம்? பாருங்கள், வாய் பதில் சொல்வதற்குள் விரல் அசைகிறது. நேற்று நடந்ததைப் பதியும் இடம் மூளையில் வேறு, கைப்பழக்கம் பதியும் இடம் வேறு.

இதைத் தெளிவாகக் காட்டியது ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கரின் கதை. வலிப்பு நோய்க்காக 1953-ல் அவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் புதிதாக நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார். மூன்று நாள் பயிற்சியில் கோடு சீரானது. ஆனால் அதை முன்பு செய்த ஞாபகமே அவருக்கு இல்லை.

பழகும்போது உள்ளே என்ன நடக்கிறது? ஒரு நரம்புச் செல் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை வெளியிடுகிறது. அடுத்த செல்லின் மேலுள்ள ஏற்பிகள் அதைப் பெறுகின்றன. திரும்பத் திரும்பப் பழகினால் செல்லுக்குள் கால்சியம் நுழைந்து, கூடுதல் ஏற்பிகள் அங்கே வந்து சேர்ந்து, இணைப்பு வலுக்கிறது. இது வரவு.

தலையின் பின்பக்கம் இருக்கும் சிறுமூளையில் பற்றும் எழுதுகிறார்கள். கை தவறினால் ஒரு பிழைச் செய்தி வருகிறது. அந்தத் தவறோடு சேர்ந்து இயங்கிய இணைப்பு பலவீனமாகிறது. ஜப்பானின் மசாவோ இட்டோ குழு 1982-ல் இதைக் காட்டியது. அங்கே ஏற்பிகள் உள்ளே இழுக்கப்படுகின்றன என்பது பின்னர் தெரிந்தது. ஆக, தவறாகச் செய்வதும் வீண் இல்லை. அதுவும் கணக்கில் ஏறுகிறது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் வத்சலா திருமலையின் குழு, கண்ணாடி போன்ற உடலுள்ள வரிக்குதிரை மீன் குஞ்சுகளை வைத்து இந்தச் சிறுமூளையைத்தான் ஆராய்கிறது.

இந்தப் பதிவு நிலைக்க, செல்லில் புதிய புரதங்கள் உருவாக வேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகும், தூக்கமும் உதவும். அதனால் ஒரே நாளில் நாலு மணி நேரம் பழகுவதைவிட, தினம் அரை மணி நேரம் மேல்.

புரதங்கள் சில நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்துவிடும். பிறகு 60 வருஷப் பழக்கம் எப்படி நிற்கிறது? வங்கியில் கிளார்க் டிரான்ஸ்பர் ஆவார், லெட்ஜர் தீர்ந்துவிடும், ஆனால் பேலன்ஸ் புது லெட்ஜருக்கு ஏறிவிடும் அல்லவா? அதைப் போல. 2024-ல் வந்த ஓர் எலி ஆய்வில், கிப்ரா என்ற புரதம் பிகேஎம்-சீட்டா என்ற புரதத்தைச் சரியான இணைப்பில் பிடித்து வைப்பதைக் கண்டார்கள். பழையது போனாலும் புதியது அதே இடத்தில் வந்து உட்காருகிறது. அது இடங்களை நினைவில் வைப்பது பற்றிய ஆய்வு. கைப்பழக்கத்திலும் இதன் பங்கு ஆராயப்படுகிறது.

ஓர் எச்சரிக்கை. தோசை ஊற்றக் கைக்குத் தெரியும். கேஸை அணைத்தோமா என்பதற்கு மற்ற ஞாபகம் வேண்டும். ஆகவே அடுப்பு, கத்தி, வண்டி வேண்டாம். இது மருந்தும் இல்லை. மறதி தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பெரியவருக்குக் கை அறிந்த வேலை ஒன்று இருக்கும். பூக்கட்டு, கோலம், கீரை ஆய்வது என்று எதுவாகவும் இருக்கலாம். அதைப் பறிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை நம் சங்க ஹாலில் அக்கா பூக்கட்டுவார். பெரியவர்களை அழைத்து வாருங்கள், பேத்திகளும் வரட்டும். பூவும் நாரும் என் செலவு.

அக்காவுக்கு என் பெயர் இன்னும் வரவில்லை. ஆனால் கட்டிய சரத்தை என்னிடம் கொடுத்து, "உன் பொண்டாட்டிக்கு வச்சு விடு தம்பி" என்கிறார். எனக்கு அது போதும்.