கோழியின் வாட்டத்தை அறிவோம்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லயத்துக்குப் பின்னால் பத்துக் கோழி வளர்ப்பவர் நம்மில் பலர். பிள்ளைக்கு முட்டையும் கைச்செலவுக்கு நாலு வெள்ளியும் அதில் கிடைக்கின்றன. முட்டை குறைந்தால் கண்ணேறு என்கிறோம். இல்லையேல் நோய் என்று அஞ்சி அறுத்துவிடுகிறோம். ஆனால் நோயில்லாமலும் கோழி வாடும். வெப்பம், நெருக்கடி, பயம் என்னும் மூன்றுமே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

முதலாவது வெப்பம். கோழிக்கு வியர்வை கிடையாது. மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது. வாய் பிளந்து நிற்கும். சிறகை விலக்கி வைக்கும். தீனி குறைந்து தண்ணீர் மிகும். முட்டை ஓடு மெலியும். நாம் இருட்டோடு பிரட்டுக்குப் போய், மரம் வெட்டிப் பால் நிறுத்துத் திரும்பும்போது உச்சி வெயில். அதற்குள் தண்ணீர்ச் சட்டி காய்ந்துவிடும். ஒரு நாள் தண்ணீரில்லாமல் போனால், பிறகு பல நாள் முட்டை கிடைக்காது. ஆகவே வீட்டிலிருக்கும் பெரியவர்களிடமோ அடுத்த வீட்டாரிடமோ சொல்லி, பத்து மணிக்குப் புதுத் தண்ணீர் ஊற்றச் செய்யுங்கள். சட்டி நிழலில் இருக்கட்டும். தகரக் கூரைமேல் அத்தாப்பு போடுங்கள். தீனியை விடியற்காலையிலும் மாலையிலும் கொடுங்கள்.

இரண்டாவது நெருக்கடி. ஒன்றையொன்று கொத்தும், முதுகில் இறகு போய்த் தோல் தெரியும். கூட்டுக்குள் கோழி ஒன்றுக்கு 4 சதுர அடியாவது வேண்டும். ஒரே தட்டில் தீனி வைத்தால் வலியது தின்னும், மெலிந்தது பார்த்து நிற்கும். இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். இரத்தம் கண்டால் மற்றவையும் கொத்தும். காயம்பட்டதை உடனே பிரித்து வையுங்கள். நெருக்கடியில் எந்த உயிரும் செழிக்காது என்பதை லயத்தில் பிறந்த நமக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது பயம். இரவில் நாயோ மூசாங்கோ பாம்போ வந்து போனால், மறுநாள் கோழிகள் மூலையில் ஒடுங்கும், முட்டை குறையும், மாலையில் கூடு அடைய மறுக்கும். ஓட்டைகளை அடையுங்கள். பகலில் விரட்டிப் பிடிக்காதீர்கள். இருட்டிய பின் பிடித்தால் மிரளாது.

ஓர் எச்சரிக்கை. பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல், அடுத்தடுத்த சாவு ஆகியவை வெறும் வாட்டமல்ல, தொற்றுநோயின் அறிகுறிகள். உடனே கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். செத்ததைச் சமைக்கவோ விற்கவோ கூடாது. வாடிய கோழியை நோய் எளிதில் பற்றும். ஆகவே வாட்டம் தீர்ப்பதும் நோய்த்தடுப்பே.

தினமும் கூட்டைத் திறக்கும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கூட்டுக்கு நிழலான இடம் இல்லாத லயத்தார் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். நிர்வாகத்திடம் எல்லோருமாகச் சேர்ந்து கேட்போம். இதுவும் சங்க வேலைதான்.