மனநோய் வைத்தியம்: திருப்போரூர் தரும் பாடம்

(குன்றத்தூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கூலி உயர்வு, போனஸ், பட்டா என்று பேசுகிற இந்த மேடையில் இன்று மனநோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதற்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. தொழிலாளி வீட்டில் ஒருவருக்குப் புத்தி பேதலித்தால் அந்த வீட்டில் இரண்டு கூலி நின்றுபோகிறது. நோயாளியின் கூலி ஒன்று. அவரைக் காவல் காக்க வீட்டோடு உட்கார்ந்துவிடும் தாயின் கூலியோ மனைவியின் கூலியோ மற்றொன்று. காதில் கிடந்த கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. பேய் ஓட்டுகிறவனுக்கு ஒரு பங்கு, கந்துவட்டிக்காரனுக்கு ஒரு பங்கு. நோய் மட்டும் போவதில்லை.

பணக்காரன் வீட்டில் இந்த நோய் வந்தால் காதும் காதும் வைத்தாற்போல வைத்தியம் நடக்கிறது. ஏழை வீட்டில் வந்தால் என்ன நடக்கிறது? 2001 ஆகஸ்டு 6ந் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகி மாண்டார்கள். அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் கல்நெஞ்சக் குடும்பங்களா? இல்லை. போவதற்கு வேறு இடம் இல்லாத குடும்பங்கள்.

இது எங்கோ சிலருக்கு மட்டும் வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். 2015-16ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் ஆய்வு நடத்தியது. வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநோய் இருப்பதாகக் கண்டது. அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் சிகிச்சையே இல்லை என்றும் சொன்னது. மனநோய் எல்லாம் வறுமையால் மட்டும் வருகிறது என்று நாம் சொல்லவில்லை. அது உடம்பின் நோயும்தான். ஆனால் கடனும், குடியும், ஓயாத இரவு ஷிப்டும் அதை வளர்க்கின்றன. வைத்தியம் எட்டாத நிலை அதை நிலைக்க வைக்கிறது.

வரவேற்பதா, விரட்டுவதா?

நம்மைச் சுற்றிப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் என்று வரிசையாகப் பெரும் கம்பெனிகள். 2013ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வியாபாரமோ உள்ள கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக காரியங்களுக்குச் செலவிட வேண்டும். இந்தப் பணம் பல தர்ம ஸ்தாபனங்களின் வழியாக வருகிறது. நாளைக்கே ஒரு ஸ்தாபனம் குன்றத்தூருக்கு வந்து, "மனநல முகாம் போடுகிறோம், மருந்து தருகிறோம்" என்று சொல்லலாம்.

அப்பொழுது இரண்டு குரல்கள் கேட்கும். "தர்மப் பிரபு வாழ்க" என்று மாலையோடு ஓடும் குரல் ஒன்று. "முதலாளி பணம், வாசலிலேயே நிறுத்து" என்று சொல்லும் குரல் இன்னொன்று. இரண்டையும் நாம் ஏற்கவில்லை. அந்தப் பணம் தொழிலாளியின் உழைப்பில் விளைந்தது. ஆகவே கும்பிட்டு வாங்க வேண்டியதில்லை. நோயாளிக்கு மருந்து இன்றைக்கே வேண்டும். ஆகவே விரட்டவும் கூடாது. அது எப்படிப்பட்ட ஏற்பாட்டோடு வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதற்கு நமக்குத் தெற்கே, கேளம்பாக்கம் தாண்டியுள்ள திருப்போரூரில் நடந்த கதையைக் கேளுங்கள்.

திருப்போரூரில் நடந்தது

கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கு 1961 முதல் 1978 வரை தலைமை வகித்தவர் டாக்டர் சாரதா மேனன். ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெளியே வைத்தியம் போக வேண்டும் என்று எண்ணிய அவர், 1984ல் சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தார். லாப நோக்கம் இல்லாத ஸ்தாபனம். அது 1989ல் திருப்போரூரில் ஒரு மருத்துவ நிலையம் திறந்தது. ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நோயாளிகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வழி செய்தார்கள். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக் குழு அமைத்தார்கள். குணமானவர்கள் பிழைக்கச் சுயதொழில் திட்டமும் கொண்டுவந்தார்கள். பத்து ஆண்டுகள் நடந்தது. 1999ல் நிலையம் மூடப்பட்டது.

2005ல் அதே ஸ்தாபனத்தார் திரும்பிப் போனார்கள். பழைய நோயாளிகள் 185 பேர் என்ன ஆனார்கள் என்று வீடு வீடாகத் தேடினார்கள். கண்டது என்ன? சிகிச்சையைத் தொடர்ந்தவர்கள் நூற்றுக்கு 15 பேர்தான். நிறுத்திவிட்டவர்கள் 35 பேர். இறந்துவிட்டவர்கள் 21 பேர். வீட்டை விட்டு எங்கோ போய்விட்டவர்கள் 12 பேர். தேடியும் கிடைக்காதவர்கள் 17 பேர். சிகிச்சையை நிறுத்தியவர்களில் நான்கில் மூன்று பங்கினரிடம் நோய் கடுமையாக இருந்தது. சுகாதார நிலையத்தில் மனநல சேவை ஒரே ஆண்டில் நின்றுபோயிருந்தது. ஊர்க் குழுவும் ஓராண்டுக்கு மேல் நடக்கவில்லை. சுயதொழில்களில் கோழி வளர்ப்பு ஒன்றுதான் மிச்சம்.

இதை எதிரிகள் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஸ்கார்ஃப் டாக்டர்களே எண்ணிப் பார்த்து 2008ல் அச்சிட்டு வெளியிட்டார்கள். தன் திட்டம் நிற்கவில்லை என்று கணக்கோடு சொல்லும் நேர்மை எத்தனை சர்க்கார் இலாகாக்களுக்கு உண்டு? அந்த நேர்மையை நாம் பாராட்டுகிறோம்.

ஏன் நின்றுபோனது? காரணத்தையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வைத்தியத்துக்குப் போய்வரும் தூரமும் செலவும் முதற்காரணம். நோயைப் பற்றிய அறிவு போதவில்லை. குடும்பத்தாரும் ஊராரும் தோள் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் ஸ்தாபனமே பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணமும் போகவில்லை. மாதா மாதம் மருந்துக்குப் போக ஒரு நாள் கூலியையும் பஸ் சார்ஜையும் இழக்க வேண்டும் என்றால், விவசாயக் கூலி எத்தனை மாதம் போவார்? இதைப் புரிந்துகொண்டு அதே ஸ்தாபனம் 2010ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸையே மருத்துவ நிலையமாக்கி அனுப்பியது. நோயாளி பஸ்ஸில் உட்கார்ந்து திரையில் டாக்டரிடம் பேசலாம். மருந்தும் அங்கேயே இலவசம்.

ஆக, திருப்போரூர் தரும் பாடம் இதுதான்: தர்ம ஸ்தாபனம் வழி காட்டலாம், பயிற்சி தரலாம், புதிய முறையைச் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் சர்க்கார் அதை ஏற்று நடத்தாவிட்டால், ஊர் அதைத் தன்னுடையதாக்கிக் கொள்ளாவிட்டால், ஸ்தாபனம் போகும் நாளில் வைத்தியமும் போய்விடும்.

யாருடைய வேலை எது?

இன்னொரு உதாரணம் பாருங்கள். கிராமங்களில் மனம் உடைந்த நேரத்தில் வீட்டிலிருக்கும் பூச்சி மருந்து எமனாகிறது. தற்கொலைத் தடுப்புக்காக 1986ல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா ஸ்தாபனம், கடலூர் மாவட்டத்தில் இரண்டு கிராமங்களில் ஒரு ஏற்பாடு செய்தது. பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் பெட்டிகளில் பூட்டி வைத்தார்கள். அந்த ஊர்களில் தற்கொலை குறைந்தது. இது ஸ்தாபனம் செய்யக்கூடிய வேலை. ஆனால் கொடிய விஷத்தைக் கடையிலேயே விற்கக்கூடாது என்று சொல்ல யாரால் முடியும்? சர்க்காரால்தான். இலங்கையில் அதைச் செய்தார்கள். கடும் விஷப் பூச்சி மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995ல் உச்சத்திலிருந்த தற்கொலை விகிதம் பின்னர் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

கேரளத்தில் கோழிக்கோட்டைத் தலைமையிடமாகக் கொண்டு 2008 முதல் மெண்டல் ஹெல்த் ஆக்‌ஷன் டிரஸ்ட் என்ற தர்ம ஸ்தாபனம் வேலை செய்கிறது. அங்கே டாக்டர்களின் அறிவு ஸ்தாபனத்துடையது; மருத்துவ நிலையத்தை நடத்துவது அந்தந்த ஊர்த் தொண்டர்கள். நோயாளி வராவிட்டால் வீடு தேடிப் போகிறவர்களும் அவர்களே.

நாம் கேட்பது

வருகிற ஸ்தாபனத்திடம் மூன்று கேள்விகள் கேட்போம்.

ஒன்று: எத்தனை ஆண்டு இருப்பீர்கள்? போகும்போது யாரிடம் ஒப்படைப்பீர்கள்? இதை முதல் நாளே எழுத்தில் கொடுங்கள்.

இரண்டு: சர்க்கார் சுகாதார நிலையத்துக்கு உள்ளேயே நடத்துவீர்களா? நம் ஊர்ப் பெண்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி தருவீர்களா? கோவாவில் சங்காத் என்ற ஸ்தாபனம் டாக்டர் அல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தது. சர்க்கார் சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு நோயாளிகள் அதனால் அதிகம் குணமடைந்தார்கள் என்று 2010ல் வெளியான ஆய்வு காட்டியது.

மூன்று: வரவு செலவையும் நோயாளிகள் எண்ணிக்கையையும் கிராம சபையில் வாசிப்பீர்களா? எண்ணிக்கை போதும், பெயர்கள் வேண்டாம்.

சர்க்காரிடம் நாம் கேட்பது பிச்சை அல்ல. 2017ம் ஆண்டு மனநலச் சட்டம் சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமை ஆக்கியிருக்கிறது. சங்கிலி போடுவதைத் தடை செய்திருக்கிறது. அவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநோய் மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதல் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரி வரை எல்லா இடத்திலும் எப்பொழுதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. அதற்கும் கீழே, கிராமத்துக்குப் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு மாதம்கூட விடாமல் அவை கிடைக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை.

ஆலைத் தோழர்களுக்கு ஒரு சேதி. இ.எஸ்.ஐ.யின் நீடித்த நோய் உதவிப் பட்டியலில் மனச்சிதைவு நோயும் இருக்கிறது. நிபந்தனைகள் பொருந்தினால் இரண்டு ஆண்டு வரை சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். நோயுற்ற தோழரிடம் ராஜினாமா எழுதி வாங்கப் பார்ப்பார்கள். கையெழுத்துப் போடவிடாமல் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள்.

நமக்கும் வேலை இருக்கிறது. "பைத்தியம்" என்ற சொல்லை விடுவோம். மருந்து நாளில் ஒருவர் துணைக்குப் போவோம். மனம் தாங்காத இரவில் 14416 என்ற எண்ணுக்கு யாரும் போன் செய்யலாம். காசில்லை, தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணைச் சங்க ஆபீஸ் சுவரிலும் ரேஷன் கடை வாசலிலும் எழுதி வைப்போம்.

கோரிக்கை மனுவில் கையெழுத்து வாங்கும் வேலை இன்றே தொடங்குகிறது. ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு தோழர்கள் பெயர் கொடுங்கள். அடுத்த கிராம சபையில் இந்தக் கேள்விகள் ஒலிக்கட்டும்!