நோயில்லாதவரின் தொண்டையும் ஒரு சொல்லும்



2017 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், 21 வயதே நிரம்பிய பங்களாதேஷ் தொழிலாளர் ஒருவர் நம் சிங்கப்பூரில் டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோயால் உயிர்நீத்தார். 1992க்குப் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளி எவரும் பதிவாகாதிருந்த காலம் அது. 1962 முதல் இந்நோய்க்கான தடுப்பூசி இங்கே குழந்தைகளுக்குச் சட்டப்படி கட்டாயம். இறந்த இளைஞர் அண்மையில் வெளிநாடு எதற்கும் சென்று வந்தவரும் அல்லர். அப்படியாயின் கிருமி அவரிடம் எவ்வாறு வந்தது? நோய்க்குறி ஏதுமின்றி அதைத் தொண்டையில் வைத்திருந்த ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம் என்று கருதுவதே பொருத்தம். அதனாலேயே அவருடன் பழகியோர் தேடிக் கண்டறியப்பட்டுத் தடுப்பு மருந்து பெற்றனர்.

நோயற்றவரிடம் நோய்க்கிருமி இருக்கும் என்பதை முதலில் கண்டவரே அதை நம்பத் தயங்கினார். 1884இல் ஜெர்மானிய அறிஞர் லோஃப்லர் இக்கிருமியை வளர்த்தெடுத்து ஆராய்ந்தபோது, நலமாக இருந்த குழந்தை ஒன்றின் தொண்டையிலும் அது காணப்பட்டது. இதுவே நோய்க்குக் காரணம் என்று உறுதியாகக் கூறுவதற்கு அக்குழந்தை தடையாய் நின்றது. தமக்குப் பாதகமான சான்றை மறைக்காமல் எழுதிவைத்த அந்த நேர்மையை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

தடை நீங்கச் சில ஆண்டுகள் ஆயின. உடலைக் கெடுப்பது கிருமி சுரக்கும் நஞ்சு என்பதை 1888இல் ரூ, யெர்சின் இருவரும் காட்டினர். தொண்டையில் தோல்போன்ற படலம் படிவதும், இதயமும் நரம்புகளும் தாக்குண்பதும் அந்நஞ்சின் செயல்களே. இன்றைய தடுப்பூசி, வலுவிழக்கச் செய்த அந்நஞ்சினால் ஆனது. ஆகவே ஊசி போட்டவரை நஞ்சு வீழ்த்தாது. ஆயினும் கிருமி அவர் தொண்டையில் குடியிருக்கக் கூடும். தமக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்வது மெய். அவர் அருகில் உறங்குபவருக்கு இடர் உண்டு என்பதும் மெய்.

இத்தகையவரைத் தமிழில் எவ்வாறு குறிப்பது? மொழியரங்கில் நாம் பேச வந்தது இதுவே. ‘நோய்க்கடத்தி’ என்றால், நாளிதழ் படிக்கும் நம்மவர் காதில் கள்ளக்கடத்தல் ஒலிக்கிறது. போதாக்குறைக்கு, கொசுவுக்கும் அதே பெயர். ‘நோய்க்காவி’ என்னும் ஈழத்து வழக்கில் காவுதல் சுமத்தலைக் குறிக்கும். நல்ல சொல்தான், எனினும் அதுவும் பூச்சிகளுக்கு வழங்குகிறது. ‘நோய் தாங்கி’ என்றால் நோயே இல்லாதவருக்கு நோயை ஏற்றிவிடுகிறோம். எமக்கு ஏற்புடையது ‘கிருமி தாங்கியவர்’ என்பது. சற்று நீளம்தான். ஆனால் இறுதியில் நிற்கும் ‘அவர்’ அவரை மனிதராகவே வைத்திருக்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் நண்பரைச் சந்திக்கக் காத்திருக்கும் ஒரு தமிழ்த் தொழிலாளரிடம், அவர் விடுதியில் ஒருவருக்கு நோய் கண்டதால் வாயைத் திறக்கச் சொல்கிறோம் என்று கொள்வோம். குற்றஞ்சாட்டும் சொல் கையிலுள்ள தாளில் இருந்தால், வேலையும் ஊதியமும் போய்விடுமோ என அஞ்சி அவர் ஒதுங்கிவிடுவார். ஒதுங்கினால் கிருமி அடுத்த கட்டிலுக்குச் செல்லும்.

அத்தாளில் இவ்வாறு இருக்கலாம் என்பது எம் முன்மொழிவு: “உங்கள் தொண்டையில் கிருமி காணப்பட்டது. உங்களுக்கு நோய் இல்லை. பெனிசிலின் ஊசி ஒன்று, அல்லது ஏழு முதல் பத்து நாள் எரித்ரோமைசின் மாத்திரை, இவற்றுள் மருத்துவர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து முடிந்தபின் 24 மணி நேர இடைவெளியில் இருமுறை தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்போம். இரண்டிலும் கிருமி இல்லையெனில் நீங்கள் வழக்கம்போல் வேலைக்குத் திரும்பலாம்.”