நன்னீரும் நெஞ்சின் நலமும்

கற்பிட்டிக் குடாநாட்டிலும் புத்தளம் களப்பின் கரையிலும் வாழும் மக்களுக்கு நன்னீர் தேடிப் பெறவேண்டிய செல்வமாகும். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பும் உப்பளங்களும். மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. அளவின்றி இறைத்தால் கிணறு உவர்த்துப்போகும். ஆகவே கிணற்றின் தரத்தை நாவினால் அறிவதே இக்கரையின் வழக்கம்.

அந்த நாவுக்கு அகப்படாத நஞ்சொன்று உண்டு. அதன் பெயர் ஆசனிக். சித்த வைத்தியர் அறிந்த தாளகமும் மனோசிலையும் வெள்ளைப் பாஷாணமும் இதன் சேர்வைகளே. நிலத்தடிப் படிவுகளில் இயற்கையாகவே இது காணப்படும். நீரில் கரைந்தாலோ, நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை.

இதன் கொடுமையை உலகுக்குத் தெளிவாக உணர்த்தியது, புத்தளத்தைப் போன்றே மீனவரும் உப்பு விளைவிப்போரும் வாழ்ந்த மற்றொரு கரையாகும். தாய்வானின் தென்மேற்குக் கரையில் மேற்கிணறுகள் உவர்த்திருந்தமையால், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் 100 மீற்றருக்கும் மேல் ஆழமான குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. உவர்ப்பற்ற நீர் கிடைத்தது. மக்கள் மகிழ்ந்து பருகினர். ஆண்டுகள் பல சென்றபின், பலருக்குக் கால்விரல்கள் குளிர்ந்து, மரத்து, கறுத்து அழுகலாயின. காலையே இழந்தோரும் பலர். ‘கருங்கால் நோய்’ எனப்பட்ட இப்பிணி 1950களின் பிற்பகுதியில் உச்சத்தை அடைந்தது. அந்நீரில் ஆசனிக் மிகுந்திருந்தது. குழாய்வழி நன்னீர் வந்தபின் நோய் தணிந்தது.

நீரிலுள்ள நஞ்சு காலை எவ்வாறு கறுக்கச் செய்யும்? நாடிகளின் உட்சுவரிலுள்ள நுண்ணிய கலப்படலமே குருதிக்குழாயை இளக்கி விரியச் செய்வது. ஆசனிக் அப்படலத்தைப் புண்படுத்துகின்றது. சுவர் தடித்து, கொழுப்புப் படிந்து, வழி ஒடுங்குகின்றது. காலுக்குச் செல்லும் நாடி அடைபட்டால் கால் கறுக்கும். இதயத்தின் நாடி அடைபட்டால் மாரடைப்பு. மூளையின் நாடி அடைபட்டால் பாரிசவாதம். தாய்வானின் அதே ஊர்களில் இதய நோயும் உயர் குருதியமுக்கமும் மிகுந்திருந்தமையைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலுள்ள அந்தோபகாஸ்தா நகரமும் இதற்குச் சான்று. 1958 இல் அந்நகருக்குப் புதிய ஆற்றுநீர் வந்தது. அதில் லீற்றருக்கு ஏறத்தாழ 0.8 மில்லிகிராம் ஆசனிக் இருந்தது. மாரடைப்பு மரணங்கள் பெருகின. 1970 இல் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தபின் அவை குறையலாயின. நீரைத் திருத்தினால் நெஞ்சு நலம்பெறும் என்பதை அந்நகரம் காட்டிற்று. புகைபிடிப்போருக்கு இந்நஞ்சினால் வரும் இதய நோய் மேலும் மிகும் என்பதைப் பங்களாதேசத்தில் ஏறத்தாழ 12,000 பேரிடையே நடந்து 2011 இல் வெளிவந்த ஆய்வு எடுத்துரைத்தது.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 0.01 மில்லிகிராமை எல்லையாக வகுத்துள்ளது. இலங்கையின் தரமும் அதுவே. புத்தளத்திலும் வண்ணாத்திவில்லுப் பகுதியிலும் சுண்ணக்கல் படையிலிருந்து ஆழ்குழாய்க் கிணறுகள் நீர் தருகின்றன. ஆழக் கிணறெல்லாம் நஞ்சுடையதன்று. உவர்க்காத நீரெல்லாம் குற்றமற்றதுமன்று. இரண்டையும் பிரித்துச் சொல்ல வல்லது சோதனை ஒன்றே. நீரைக் கொதிக்கவைப்பதால் கிருமிகள் மாளும், ஆசனிக் அகலாது. நீர் வற்ற வற்ற அது செறிவாகவே செய்யும்.

கரையோர மக்கள் மீனை எண்ணி அஞ்சவேண்டுவதில்லை. கடல்மீனிலுள்ள ஆசனிக் பெரும்பாலும் தீங்கற்ற வடிவிலுள்ளது. உடல் அதனை விரைந்து கழித்துவிடும். கருத்துச் செலுத்தவேண்டியது நாள்தோறும் பருகும் நீரிலேயாம். புதிதாகக் கிணறு தோண்டுவோர், முதற்குடத்தை வீட்டுக்குக் கொண்டுசெல்லுமுன், ஒரு போத்தல் நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடம் போன்றதொன்றில் சோதிப்பித்தல் நன்று. அச்சோதனைக்கு ஆகும் செலவு சிறிது. அது காக்கும் நெஞ்சங்களோ ஒரு குடும்பத்தின் நெஞ்சங்கள்.