சிவப்புத் தேவாலயமும் நம் தோட்டத்துக் கோயில்களும்

(அலோர் காஜாவில் ஆற்றிய உரை)



மலாக்கா டவுனில் சிவப்பாக நிற்கும் தேவாலயத்தைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இல்லை. அதன் கதை நம் கதையும்தான்.

1641-இல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்தார்கள். அவர்களுடையது சீர்திருத்த சபை. ஸ்காட்லாந்துக்காரர்களின் பிரஸ்பிட்டேரியன் சபையைப் போல மூப்பர்கள் கூடி நடத்தும் சபை. மலாக்காவைப் பிடித்த நூறாவது ஆண்டு நினைவாக, 1741-இல் கட்டத் தொடங்கி 1753-இல் முடித்தார்கள். கூரையின் ஒவ்வோர் உத்தரமும் ஒரே மரத்தில் வெட்டியது.

1824 ஒப்பந்தப்படி மலாக்கா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1838-இல் கல்கத்தா பிஷப் வந்து அதை ஆங்கிலிக்கன் தேவாலயமாக்கினார். 1911-இல் சிவப்புச் சாயம் பூசினார்கள். பின்னாளில் அங்கே தமிழிலும் ஆராதனை நடந்தது. கொடி மாறியது, சபை மாறியது, நிறமும் மாறியது. கட்டடம் மட்டும் அசையவில்லை.

டச்சுக்காரர்களைப் புகழ நான் வரவில்லை. அவர்கள் கத்தோலிக்கரை ஒடுக்கியவர்கள், அடிமைகளை வைத்திருந்தவர்கள். ஆனாலும் 1781-இல் மலாக்கா செட்டிகளின் தலைவருக்கு நிலம் கொடுத்தார்கள். துக்காங் எமாஸ் சாலையில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் இன்றும் அந்த நிலத்தில் நிற்கிறது.

இப்போது நம் தோட்டங்களுக்கு வருவோம். நம் பாட்டன்மார் காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள். லயத்துப் பக்கத்தில் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார்கள். சில தோட்டங்களில் சின்ன ஜெபக்கூடமும் கட்டினார்கள். "கட்டிக்கோ" என்று துரை வாயால் சொன்னார். எழுதித் தரவில்லை.

ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். தோட்டம் கைமாறி, கோயிலைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. "என்னய்யா ஆதாரம் இருக்கு?" என்று கேட்டேன். பழைய திருவிழாப் படம் ஒன்றை நீட்டினார். அதைத் தவிர அவரிடம் வேறொன்றும் இல்லை.

1965 தேசிய நிலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அரசு நிலமானால் 48-ஆவது பிரிவு, தனியார் நிலமானால் 341-ஆவது பிரிவு. எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் அதனால் மட்டும் நிலம் உங்களுடையதாகாது. நூறு வருடக் கோயிலுக்கும் இதே சட்டம்தான். இது நியாயமா என்று கேட்டுப் போராடுவோம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா?

ஆகவே மூன்று வேலைகள். ஒன்று, உங்கள் ஆலயம் யார் நிலத்தில் நிற்கிறது என்று நில அலுவலகத்தில் தேடிப் பாருங்கள். இரண்டு, ஆலய நிர்வாகத்தைச் சங்கப் பதிவிலாகாவில் பதியுங்கள். மூன்று, அரசு நிலமென்றால் 62-ஆவது பிரிவின்படி அதை ஒதுக்கிக் கெஜட்டில் வெளியிடக் கேளுங்கள். தனியார் தோட்டமென்றால், விற்பதற்கு முன்பே ஆலய நிலத்தைப் பிரித்துத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

கோயிலாகட்டும், ஜெபக்கூடமாகட்டும், மண்வாரி இயந்திரம் வாசலுக்கு வந்த பிறகு வக்கீலைத் தேடாதீர்கள். இன்றைக்கே வாருங்கள்.