பத்து மீட்டரில் ஒரு புள்ளி



கேளம்பாக்கத்தில் கிழக்கே திரும்பி உப்பளங்களைத் தாண்டிப் போனால் கோவளம். விடுமுறை நாள் சாயங்காலம் அந்தக் கடற்கரைக்குப் போனவர்கள் பலூன் சுடும் கடையைப் பார்த்திருப்பீர்கள். மாமல்லபுரத்தில் உண்டு, மெரினாவில் உண்டு, ஊர்த் திருவிழாக்களில் உண்டு. ஒரு பலகை, அதில் வரிசை வரிசையாகக் கட்டிய பலூன்கள், நாலைந்து எட்டு தள்ளி ஒரு ஏர் கன். கடைக்காரர் குழலை மடக்கி, ஒரு பெல்லட்டைக் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே வைத்து, திரும்ப நிமிர்த்திக் கையில் தருகிறார். காசு கொடுத்தவர் சுடுகிறார். பக்கத்தில் நிற்கும் குடும்பம் கைதட்டுகிறது.

இதை விளையாட்டுச் சாமான் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். கொஞ்சம் நின்று கவனித்தால், குறிபார்த்துச் சுடும் கலையின் அத்தனை பாடமும் அந்தக் கடை முன்னாலேயே நடப்பது தெரியும். பெரும்பாலானவர்கள் ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, முழங்கையை அந்தரத்தில் தூக்கி, மூச்சை அடக்கி, விசையைச் சட்டென்று இழுப்பார்கள். இழுத்த வேகத்தில் குழல் ஒரு பக்கம் துள்ளும். பெல்லட் பலகையில் போய்த் தைக்கும். ‘துப்பாக்கி சரியில்லை’ என்பார்கள். அதுவும் ஓரளவு உண்மைதான். பல கை மாறிய துப்பாக்கி, முன்குறி சற்றுச் சாய்ந்திருக்கும். ஆனால் எப்போதாவது ஒருவர் வருவார். முதல் பெல்லட் பலகையில் எங்கே படுகிறது என்று பார்ப்பார். இடது பக்கம் இரண்டு விரற்கடை விலகியதா, அடுத்ததை வலது பக்கம் அதே அளவு தள்ளி வைப்பார். அப்புறம் வரிசையாகப் பலூன்கள் உடையும். உலகக் கோப்பைப் போட்டியிலும் முதல் வேலை இதுதான். கணக்கில் சேரும் சுடுதலுக்கு முன்னால் 15 நிமிடம் தருகிறார்கள். அந்த நேரத்துக்குள் தன் துப்பாக்கி இன்றைக்கு எங்கே சுடுகிறது என்று வீரர் கண்டுபிடித்து, குறியைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இனி அந்தப் பெரிய போட்டிக்கு வருவோம். 10 மீட்டர் ஏர் ரைபிள். பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். இலக்கு அட்டையின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர், பேனா முனையால் வைத்த புள்ளி அளவு. பெல்லட்டை விடப் பல மடங்கு சிறிய இலக்கு. ஒரு சுடுதலுக்கு அதிகபட்சம் 10.9. மையத்திலிருந்து கால் மில்லிமீட்டர் நகர்ந்தால் 0.1 போய்விடும். துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே முக்கால் மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்குறி வெறும் 0.2 மில்லிமீட்டர் பிசகினால், 10 மீட்டர் தள்ளி அட்டையில் ஒரு முழுப் புள்ளி பறிபோகும். தகுதிச் சுற்றில் இப்படி 60 முறை சுட வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் 75 நிமிடம்.

ஒரே ஒரு சுடுதலைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ரைபிள்காரர் இலக்கை நேராகப் பார்த்து நிற்பதில்லை, பக்கவாட்டில் நிற்கிறார். முதுகைச் சற்றுப் பின்னால் வளைத்து, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றுகிறார். ஐந்து கிலோ அளவுக்குக் கனக்கும் துப்பாக்கி. அந்தப் பாரத்தைத் தசை தாங்கினால் நடுங்கும், எலும்பு தாங்கினால் நிற்கும். கட்டையில் கன்னத்தைச் சாய்க்கிறார். பின்னால் ஒரு சிறு துவாரம், முன்னால் ஒரு வளையம், வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டம். இப்போது அவர் கண்ணை மூடுகிறார். இரண்டு மூச்சு விட்டுத் திறக்கிறார். வட்டம் வளையத்தின் நடுவில் இல்லாமல் ஓரம் ஒதுங்கியிருந்தால் கையால் தள்ளிச் சரிசெய்ய மாட்டார். பாதத்தை நகர்த்துவார். கை தள்ளிக் கொண்டுவந்த குறி, கை தளர்ந்ததும் பழைய இடத்துக்கே போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு பாதி மூச்சை வெளியே விட்டு நிறுத்துகிறார். விசையில் விரல் ஏற்கெனவே முதல் அழுத்தத்தைக் கொடுத்துவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு மயிரிழை. இதயத் துடிப்பு கூட வளையத்தில் தெரியும் நேரம் இது. நல்ல கணம் வந்தால் விரல் தானாக அழுத்தும். சுட்ட பிறகும் அவர் அசைவதில்லை, ஒன்றிரண்டு நொடி அப்படியே நிற்கிறார். திரையைப் பார்க்கும் முன்பே ‘வலது பக்கம், பத்துக்குச் சற்று வெளியே’ என்று மனசுக்குள் சொல்லிவிடுகிறார். திரை அதையே காட்டினால், ஒன்பது புள்ளிக்கு வருத்தம் இல்லை. என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நல்ல கணம் வராவிட்டால்? ஏழெட்டு நொடியில் மூச்சு முட்டும், கண் களைக்கும், வளையம் அலையத் தொடங்கும். அப்போது சுட்டுத் தொலைத்துவிடலாம் என்று விரல் கெஞ்சும். நல்ல வீரர் துப்பாக்கியை இறக்கி வைக்கிறார். மறுபடி முதலிலிருந்து. என்னைக் கேட்டால், இந்தக் கலையில் மிக உயர்ந்த அசைவு இந்த இறக்கிவைப்புதான். ஒருவர் எத்தனை பத்து சுட்டார் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். எத்தனை முறை சுடாமல் இறக்கினார் என்று பார்த்தால்தான் அவருடைய தரம் விளங்கும்.

கைத்துப்பாக்கியில் சிரமம் வேறு. 10 மீட்டர் ஏர் பிஸ்டலை ஒரே கையால் நீட்டிப் பிடிக்க வேண்டும், வேறு எங்கேயும் ஊன்றக் கூடாது. எடை ஒன்றரைக் கிலோவுக்குள். விசைக்குக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் வேண்டும். அதனால்தான் இங்கே பத்தின் வட்டம் பெரியது, 11.5 மில்லிமீட்டர். புதிதாக வருகிறவர்கள் நம்ப மறுக்கும் பாடம் ஒன்று இதில் உண்டு: பார்க்க வேண்டியது இலக்கை அல்ல, முன்குறியை. முன்குறி கூர்மையாகத் தெரிய வேண்டும், இலக்கு மங்கலாகத்தான் இருக்க வேண்டும். இலக்கைத் தெளிவாகப் பார்க்க ஆசைப்பட்ட நொடியில் குறி கலைந்துவிடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகேச் ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியுடன் சுட்டு, கலப்பு இரட்டையரில் வெள்ளி வாங்கியதை நீங்கள் செல்பேசியில் பார்த்திருப்பீர்கள். அப்போது அவருக்கு வயது 51. அதே பாரிஸில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் தனியாக ஒரு வெண்கலமும், சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து இன்னொரு வெண்கலமும் பெற்றார். அதற்கு முந்தைய டோக்கியோவில் இதே மனுவின் துப்பாக்கி போட்டி நடுவே பழுதாகி, விலைமதிப்பில்லாத நிமிடங்கள் கரைந்து போயின. அந்தப் பெண் திரும்பி வந்து நின்ற விதம் எனக்குப் பதக்கத்தை விடப் பெரிதாகப் படுகிறது.

நம் பக்கத்துக் கதைகளும் உண்டு. சென்னையில் படித்த ரூபா உன்னிகிருஷ்ணன் 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில், படுத்தபடி சுடும் 50 மீட்டர் ரைபிளில் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது. இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? லண்டனில் 2012இல் வெண்கலம் வென்ற ககன் நாரங் பிறந்ததும் சென்னையில்தான், வளர்ந்தது ஹைதராபாத்தில். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பை இறுதிச் சுற்றில் 251.7 சுட்டுத் தங்கம் எடுத்தார். டோக்கியோவில் 16ஆம் இடம், பாரிஸில் தகுதிச் சுற்றில் 630.7 எடுத்தும் 10ஆம் இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. 60 பெல்லட்டில் ஒன்றுக்குச் சராசரி பத்தரைக்கு மேல் சுட்டவர் வெளியே நிற்க வேண்டியிருந்தது. இந்த விளையாட்டின் கடுமை அது. புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் பறக்கும் தட்டுகளைச் சுடும் டிராப் பிரிவில் பாரிஸ் வரை போனார்.

இந்த விளையாட்டு நம் ஊரில் நெடுங்காலம் அரண்மனை, ராணுவம், காவல்துறை, வசதியுள்ள கிளப்புகள் என்ற வட்டத்துக்குள் இருந்தது. 2022இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் பதக்கங்கள் வாங்கியபோதுதான் நிறைய வீடுகளில் ரைபிள் கிளப் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. போட்டித் தரத்து ஏர் ரைபிள் இன்று இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டும், பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும். விறைப்பான மேல்சட்டை, காற்சட்டை, தனிக் காலணி எல்லாம் தனிச் செலவு. எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு. நல்ல நிதானமும் நல்ல கண்ணும் உள்ள பிள்ளைகள் தையூரிலும் படூரிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் கைக்குத் துப்பாக்கி எட்டுவதில்லை. கிளப்புகள் துப்பாக்கியையும் சட்டையையும் பொதுவில் வைத்துப் பகிர்ந்து கொடுத்தால் ஒழிய இது மாறாது.

நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குத் துப்பாக்கிச் சத்தம் புதிதல்ல. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலைப் பக்கம் ஊனமாஞ்சேரியில் காவல் உயர் பயிற்சியகம் இருக்கிறது. ஒத்திவாக்கத்திலும் அனுமந்தபுரத்திலும் சுடுதளங்கள் இருக்கின்றன. இதே மாவட்டத்துக்கு இன்னொரு பழைய பெருமையும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேடந்தாங்கல் ஏரிக்கு வந்த பறவைகளைக் கம்பெனிச் சிப்பாய்கள் பொழுதுபோக்காகச் சுட்டபோது, ஊர்மக்கள் திரண்டு போய்க் கலெக்டரிடம் முறையிட்டார்கள். லயோனல் பிளேஸ் என்ற அந்தக் கலெக்டர் 1798 வாக்கில் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். உயிரைச் சுடுவது விளையாட்டு இல்லை என்று இந்த மண்ணின் விவசாயிகள் அன்றே சொல்லிவிட்டார்கள். கேளம்பாக்கத்து உப்பளங்களிலும் முட்டுக்காட்டுக் கழியிலும் கொக்கும் நாரையும் இறங்கும் பருவத்தில், ஏர் கன்னோடு கரையில் நிற்கும் இளைஞனைப் பார்த்தால் பேசாமல் போகாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பறவைகளைச் சுடுவது குற்றம். அட்டையும் பலூனும் இருக்கப் பறவை எதற்கு?

ஆபத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021 டிசம்பர் இறுதியில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம், சுடுதளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது ஒரு குண்டு வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாளில் அந்தப் பிள்ளை இறந்துபோனான். வெடிமருந்துக் குண்டு கிலோமீட்டர் கணக்கில் பாயும். அதைத் திறந்த வெளியில் சுடுவதற்கு மலையும் மண்மேடும் மட்டும் போதாது, சுற்றுப்புறம் முழுவதும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அடுக்குமாடிகள் நெருங்கிவிட்ட பழைய மாமல்லபுரம் சாலைப் பகுதிக்கு அது ஒத்துவராது. ஏர் ரைபிளின் பெல்லட் அரை கிராம் எடை, அதை ஓர் இரும்புப் பெட்டி நிறுத்திவிடும். 10 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளமுள்ள, மூடிய கூடம் ஒன்று போதும். நம் பகுதிக்கு நான் விரும்புவது இதைத்தான். இத்தனை பள்ளிகளும் கல்லூரிகளும் இருக்கும் சாலையில் அப்படி ஒரு கூடத்துக்கு இடம் கிடைக்காமல் போகாது.

உங்கள் பிள்ளையைச் சேர்க்க நினைத்தால், போய்ச் சில விஷயங்களைப் பாருங்கள். குழல் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்கிறதா? ஒருவர் அட்டை மாற்றப் போகும்போது எல்லாத் துப்பாக்கியும் திறந்த நிலையில் கீழே இருக்கிறதா? பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்கிறார்களா? சுவரில் கோப்பைகள் எத்தனை என்பதைப் பிறகு எண்ணலாம். பயிற்சியாளர் முதல் சில வாரங்கள் பெல்லட்டே கொடுக்காமல், நிற்கவும் மூச்சுவிடவும் வெறும் துப்பாக்கியைத் தூக்கி இறக்கவும் மட்டும் பழக்குகிறார் என்றால், பிள்ளை சலித்துக்கொண்டாலும் நீங்கள் பொறுத்திருங்கள். நல்ல கையில்தான் கொடுத்திருக்கிறீர்கள்.